தென்னை வியாபாரத்தின் மந்த மாதங்கள்

வியாபாரம் என்று இருந்தால் மந்த காலம் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ஜவுளிக் கடைகளுக்கு ஆடி மாதம் ஒரு காலத்தில் ஈ ஓட்டும் மாதமாக இருந்தது. ஆடித் தள்ளுபடி என்ற ஒன்றைக் கொண்டுவந்து, அதையே தீபாவளிக்கு அடுத்தபடியான விற்பனை மாதமாக ஆக்கிக்கொண்டார்கள் ஜவுளி வணிகர்கள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் எல்லாச் சரக்குக்கும் தள்ளுபடி மருந்தாகாது. பெயிண்டு வியாபாரம் செய்யும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அடைமழையில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் சுவருக்கு வர்ணம் அடிக்க எவரும் வருவதில்லை. எங்கள் தேங்காய் வியாபாரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்றும் சோதனையான மாதங்கள். கோடையில் குலை குலையாக இறங்கிய அதே தோப்பில் இந்த மாதங்களில் காய் எண்ணிக்கை இறங்கிவிடும். மரம் நனைந்து பாசி பிடித்திருப்பதால் காலை பத்து மணிக்கு முன் ஆள் ஏற முடியாது. ஏறினாலும் மூன்று மணிக்கு மறுபடி மழை பிடித்துக்கொள்ளும். காங்கேயம் பக்கத்தில் கொப்பரைக் களங்கள் வெயிலில்லாமல் கிடக்கும். களம் காயாவிட்டால் அவர்கள் நம்மிடம் பருப்புக்கென்று காய் எடுக்கமாட்டார்கள். வடக்கே டெல்லிப் பக்கம் குளிர் ஆரம்பித்தால் இளநீர் லோடும் சுணங்கிவிடும். நடுவில் ஒரு நல்ல காரியம், கார்த்திகை முதல் தேதி ஐயப்ப பக்தர்கள் மாலை போடுவதால் நெய்த்தேங்காய்க்கு நல்ல கிராக்கி இருக்கும். ஆனால் அதற்கு நன்றாக முற்றிய, கண் பழுதில்லாத, வடிவான காயாகப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். விலை இருக்கும் நேரத்தில் சரக்கு இருக்காது என்பது எங்கள் தொழிலின் தலையெழுத்து.

மந்த காலத்தில் ஒரு வியாபாரிக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், விற்பனை குறைவு என்றுதான் பலரும் சொல்வார்கள். விற்பனை குறைந்தால் தை, மாசியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ஈடுகட்ட முடியாத நஷ்டம் ஒன்று உண்டு. அது ஆள் நஷ்டம்.

தென்னை மரம் ஏறத் தெரிந்த ஆள் என்பது இன்று தங்கத்துக்குச் சமம். ஐம்பது அடி நெட்டை மரத்தில் தளைக்கயிற்றோடு ஏறி, எந்தக் குலை பறிப்புக்குத் தயார், எது இன்னும் நாற்பது நாள் நிற்க வேண்டும் என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் ஆளை ஒரு வாரத்தில் பழக்கிவிட முடியாது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எஞ்சியிருப்பவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். ஐப்பசியில் வேலை இல்லை என்று இவர்களை வீட்டில் உட்கார வைத்தால், பத்து நாள் பார்ப்பார்கள். பதினோராம் நாள் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள். மரம் ஏற வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு எங்கள் பகுதியில் வழக்கமாகச் செய்கிற வைத்தியம் முன்பணம். ஆள் போய்விடக் கூடாது என்பதற்காக ஐப்பசியில் ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று கொடுத்து வைப்பார்கள். வருஷா வருஷம் அது ஏறும். கொடுத்தவர் அதைத் தன் சொத்து என்று நினைப்பார்; வாங்கியவருக்கு அது கழுத்தில் கட்டிய கல். கடைசியில் ஒருநாள் அந்தக் கல்லுக்குப் பயந்தே ஆள் ஊரை விட்டுப் போவார். பணமும் போகும், ஆளும் போவார், இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் மட்டும் மிஞ்சும். முன்பணப் பேரேட்டில் எத்தனை பெயர் வரவு வைக்கப்படாமலே கிடக்கிறது என்பதை அந்தந்த மண்டிக்காரர்தான் அறிவார்.

நாங்கள் பல ஆண்டுகளாக வேறு ஒரு வழியில் போகிறோம். மந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் காய் பறிக்கும் ஆட்களாக இல்லாமல், மரம் பார்க்கும் ஆட்களாக வேலை செய்கிறார்கள். தோப்பு உரிமையாளர்களிடம் மரப் பராமரிப்பை ஒப்புக்கொண்டு, மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அந்த வேலையில் மூன்று மாதத்தையும் ஓட்டுகிறோம். மற்றத் தொழிலில் உள்ள அன்பர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறோம்.

மரம் கேட்கும் வேலை

தென்னையில் ஒரு கணக்கு உண்டு. ஒரு மட்டைக்கு ஒரு பாளை. மரம் ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை விடும். அந்த மட்டையின் கக்கத்திலிருந்துதான் பாளை வரும். பாளை வெடித்த நாளிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய 12 மாதம். பாளையின் கரு உள்ளே உருவாகும் நாளிலிருந்து எண்ணினால் மூன்றரை வருஷத்துக்கும் மேல் ஆகிறது. அதாவது இந்த மார்கழியில் மரத்துக்குச் செய்வது அடுத்த சித்திரைக் கணக்கில் முழுதாகத் தெரியாது. அதற்கு அடுத்த வருஷமும் அதற்கு அடுத்ததுமாகத்தான் தெரியும். தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் ஒரு வருஷக் குத்தகையோடு நிறுத்திக்கொள்வதால் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மூன்று வருஷமாவது ஒரே தோப்பில் நிற்கிற வியாபாரிக்குத்தான் இந்த வேலை கட்டுப்படியாகும். இது எங்கள் அபிப்பிராயம்.

முதல் வேலை கொண்டை சுத்தம். காய்ந்த மட்டை, பழைய பாளை, பன்னாடை ஆகியவற்றைக் கழித்து எடுப்பது. இதில் ஒரு எச்சரிக்கை. கீற்றுக்காகவோ, நிழல் விழுகிறது என்றோ பச்சை மட்டையை வெட்டச் சொல்லும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பச்சை மட்டையை வெட்டினால் குலைக்குத் தாங்கல் போய் காம்பு முறியும். வெட்டிய இடத்தில் வடியும் சாற்று வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். வெட்டியே ஆகவேண்டும் என்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்று வேளாண்மைத் துறையில் சொல்கிறார்கள். ஏறுவதற்கு வசதியாக மரத்தில் படி வெட்டுவதும் இந்த வண்டுக்குக் கதவு திறந்து வைப்பதுதான். எங்கள் ஆட்களுக்குப் படி வெட்ட அனுமதி கிடையாது.

கொண்டையில் ஏறியவர் கையோடு காண்டாமிருக வண்டையும் பார்த்துவிட வேண்டும். குருத்தைத் துளைத்து உள்ளே போயிருந்தால், மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருக்கும். நுனி வளைந்த கம்பியால் வண்டைக் குத்தி வெளியே எடுத்துவிட்டு, உள்ளே உள்ள மூன்று மட்டைகளின் இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் போடுவார்கள். இடுக்குக்கு ஒன்றாக மூன்று அந்துருண்டை வைப்பதும் உண்டு. அது 45 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வண்டு முட்டையிடுவது மரத்தில் அல்ல, எருக்குழியில். ஆகவே மழை பெய்து மரம் ஏற முடியாத நாளில் ஆட்கள் எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவார்கள். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை நீரில் கரைத்து ஊற்றுவார்கள். அந்தப் பூஞ்சாணத்துக்கு ஈரம் வேண்டும். மழைக்காலம் அதற்குத் தோது.

மழைக்காலத்தின் பெரிய பகைவன் குருத்தழுகல். நடுக்குருத்து வாடி, இழுத்தால் கையோடு வந்துவிடும், துர்நாற்றம் அடிக்கும். ஆரம்பத்தில் கண்டுகொண்டால் அழுகிய பாகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு போர்டோப் பசை தடவி, மழைநீர் இறங்காதபடி மூடி, மரத்தைக் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் மரம் போய்விடும். தென்னைக்கு ஒரே குருத்து, மாற்றுக் கிளை கிடையாது. பசைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்துக்கொண்டு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியை முக்கிப் பார்த்துச் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அக்கம்பக்கத்து மரங்களுக்கு அதே இரண்டு சரக்கும் கிலோவுக்குக் கிலோ, 100 லிட்டர் நீரில் கலந்து தெளித்தால் நோய் பரவாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு சொற்பம். மழை மாதத்தில் மரத்தின் மேல் ஒரு கண் போய் வந்ததா என்பதுதான் கேள்வி. காய் இல்லை என்று மூன்று மாதம் யாருமே ஏறாத தோப்பில் குருத்தழுகல் தைப் பறிப்பின்போதுதான் கண்ணில் படும்.

உரத்துக்கு வருவோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு உரம், யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் ஒரு பாதி. இரண்டாவது பாதி சரியாக எங்கள் மந்த காலத்தில் வந்து விழுகிறது பாருங்கள். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம். ஐந்து ஏக்கர் தோப்பு 350 மரம். அரை அளவு உரம் என்றால் யூரியா 45 கிலோ மூட்டையில் ஐந்தும் கொஞ்சமும், சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டை ஏழு, பொட்டாஷ் ஏழு. மரத்திலிருந்து ஆறடி சுற்றளவில் வட்டப் பாத்தி எடுத்து, தூவி, மண்ணோடு கொத்திவிட வேண்டும். அடைமழையில் போட்டால் உரம் வாய்க்காலுக்குத்தான் போகும். ஆகவே ஐப்பசியில் வடிகால் வெட்டு, கார்த்திகையில் கொண்டை வேலை, மழை ஓய்ந்த மார்கழிப் பின்பாதியில் உரம் என்று வைத்திருக்கிறோம்.

வெள்ளை ஈ விஷயத்தில் மட்டும் நாங்கள் மருந்தடிக்க ஒப்புக்கொள்வதில்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இங்கும் வந்துவிட்டது. மட்டையெல்லாம் கரும்பூசணம் படர்ந்து கரி பூசியதுபோல் இருப்பதைக் கண்டு உரிமையாளர்கள் பதறுகிறார்கள். விஷ மருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சேர்ந்து போய்விடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுகிறோம், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுகிறோம், அவ்வளவுதான். பூச்சிமருந்துக் கடை நண்பர்கள் எங்கள் மேல் கோபிக்கக் கூடாது.

கஜாவுக்குப் பின்

2018 நவம்பர் 16 அதிகாலை, கார்த்திகை பிறக்கும் தறுவாயில், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டத் தோப்புகள் ஒரே இரவில் என்ன ஆயின என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. நம் வாசகர்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. முப்பது வருஷம் காய்த்த மரத்துக்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம்.

அந்த நேரத்தில் மரம் தெரிந்த ஆட்கள் யாரிடம் இருந்தார்களோ அவர்கள்தான் தோப்புகளுக்குள் முதலில் நுழைய முடிந்தது. விழுந்ததை அறுத்து அகற்றுவது ஒருபுறம். நின்ற மரங்களில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பார்ப்பது அதைவிட முக்கியமாக இருந்தது. மட்டை எல்லாம் முறுக்கிக் கிழிந்திருந்தாலும் குருத்து பச்சையாக இருந்தால் விட்டு வைத்தார்கள். தோப்பிலேயே அழுக விட்ட அடிமரங்களில் காண்டாமிருக வண்டு பல்கிப் பெருகியது. அது பின்னால் நட்ட இளங்கன்றுகளைத்தான் பதம் பார்த்தது.

அந்த இளங்கன்றுகள்தான் இன்று எங்கள் மழைநாள் வேலை. 2019-லும் அதற்குப் பின்னும் நட்ட நெட்டை ரகங்கள் இப்போது வளர்ந்து, முந்தி நட்டவை பாளை விடத் தொடங்கியிருக்கின்றன. ஆள் தரையில் நின்றோ சிறு ஏணி வைத்தோ அவற்றின் குருத்தைப் பார்த்துவிடலாம். பெரிய மரம் வழுக்குகிற நாளில் இளமரத் தோப்புக்கு ஆட்களை அனுப்புகிறோம். ஒருநாள் கூலியும் வீணாவதில்லை, உயிருக்கும் ஆபத்தில்லை. வண்டுக்கு இளமரம் என்றால் உயிர். குருத்தையே தின்று கன்றைக் கொன்றுவிடும். ஆகவே வேலையும் அங்கேதான் அதிகம்.

புயல் எச்சரிக்கை வரும் நாட்களுக்கு ஒரு வேலை தனியே உண்டு. முற்றிய காயை இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துக் கொண்டையின் பாரத்தைக் குறைத்தால் காற்றுக்கு மரம் ஓரளவு தாங்கும். எச்சரிக்கை வந்த பிறகு கிடைப்பது இரண்டு நாள். அப்போது ஆள் தேடினால் கிடைக்காது.

கூலியும் கணக்கும்

எத்தனை மரம் ஒப்புக்கொண்டால் ஆட்களுக்கு வேலை தொடர்ந்து இருக்கும் என்ற கணக்கை முதலில் போட வேண்டும். பறிப்பென்றால் நாளுக்கு 40 மரம் ஏறுகிற எங்கள் ஆள், கொண்டை வேலையோடு 25 மரத்துக்கு மேல் ஏறுவதில்லை. மூன்று மாதத்தில் பாதி நாள் மழைக்கும் விசேஷங்களுக்கும் போய்விடும் என்று தள்ளினால் மிச்சம் 45 நாள். ஆறு ஆட்கள் என்றால் 6,750 மரம். ஏறக்குறைய 96 ஏக்கர். இது குறைந்தால் ஆட்கள் சும்மா இருப்பார்கள். கூடினால் ஒப்புக்கொண்ட வேலை முடியாமல் தையில் உரிமையாளரிடம் தலை குனிய நேரிடும்.

கூலி நாள் கணக்கில் பேசினால் உரிமையாளருக்குச் சந்தேகம், ஆளுக்கு அசட்டை. மரத்துக்கு இவ்வளவு என்றால் இரண்டு பக்கமும் சுத்தம். மரங்களுக்குப் பெயிண்டில் எண் போட்டு, நோட்டில் எண்வாரியாக எழுதுகிறோம்: 114-ஆம் மரம், வண்டு எடுத்தது, தூள் போட்டது, 131, குருத்தழுகல், பசை தடவியது. எங்கள் பகுதித் தோப்புகளில் பலவற்றின் உரிமையாளர்கள் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். நோட்டின் பக்கத்தையும் மரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். எண் போட்ட மரத்தின் படத்தைப் பார்த்தவருக்குக் கணக்கில் கேள்வி எழுவது குறைவு.

"காயே இல்லாத மாசத்துல காசு கேக்குறீங்களேண்ணே" என்று சொல்லாத உரிமையாளர் இல்லை. அது நியாயமான கேள்வியும்தான். உரம், மயில்துத்தம் ஆகியவற்றுக்கான பணத்தை மட்டும் முன்னதாக வாங்கிக்கொள்கிறோம். ஏனெனில் உரக்கடையில் எங்களுக்கு ரொக்கம். ஆள் கூலியை நாங்கள் போட்டு, மாசியிலும் சித்திரையிலும் வரும் இரண்டு பறிப்புகளில் காய்ப் பணத்திலிருந்து கழித்துக்கொள்கிறோம். அதற்கு எழுத்து மூலம் உடன்படிக்கை உண்டு. நான்கைந்து மாதம் எங்கள் பணம் தோப்பில் கிடக்கிறது என்பது உண்மைதான். வட்டியைப் பார்த்தால் சிறு தொகை வரும். முன்பணமாகக் கொடுத்து வாராமல் போகும் தொகையோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியவில்லை. தோப்புக்கும் எங்களுக்கும் ஒரு பிடிமானமும் ஏற்படுகிறது. கோடையில் வேறொருவர் காய்க்கு ஐம்பது காசு கூடுதலாகச் சொன்னாலும் உரிமையாளர் உடனே மாறிவிடுவதில்லை.

பெண்களுக்கும் இந்த மாதங்களில் வேலை இருக்கிறது. கழித்த மட்டையில் கீற்றுக்கு ஆகிறதை நீரில் ஊறவைத்து முடைவது, மற்றதில் ஈர்க்கு உரித்துத் துடைப்பம் கட்டுவது. கீற்றுக்கு முன்போல் கிராக்கி இல்லை, தகரம் வந்துவிட்டது. கோடைப் பந்தலுக்கு மட்டும் கேட்கிறார்கள். துடைப்பம் அப்படியல்ல, மளிகைக் கடைக்காரர்கள் வருஷம் முழுவதும் எடுக்கிறார்கள்.

ஆட்களின் பாதுகாப்பு பற்றி ஒன்று. தளைக்கயிற்றை ஐப்பசிக்கு முன் மாற்றிவிட வேண்டும். நனைந்து காய்ந்த கயிற்றை நம்ப முடியாது. மரம் ஏறும் கருவி வந்திருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் இளைஞர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தது. கருவி நல்லதுதான், ஆனால் பாசி பிடித்த ஈர மரத்தில் அதுவும் வழுக்கும். அதே வாரியத்தின் வழியாக மரம் ஏறுவோருக்கு 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆட்கள் தாங்களாகப் போய்ச் சேரமாட்டார்கள். படிவம் வாங்கிப் பூர்த்தி செய்து, ஆளின் பங்கையும் மண்டியிலிருந்தே கட்டிவிட்டு, ரசீதை அவர்கள் வீட்டில் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்கள் வேப்பங்கொட்டையை ஐப்பசி வரை வாங்காமல் இருக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் கொட்டை உதிரும் காலத்தில் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுத்து, அப்போதே இடித்து, ஈரம் படாத மச்சில் சாக்கில் போட்டு வைத்துவிட வேண்டும். மரத்துக்கு 150 கிராம் கலவையில் 50 கிராம் தூள். 6,750 மரத்துக்கு ஒருமுறை போட 340 கிலோ வேண்டும்.